40 லட்சத்தில் எதை வாங்குவது? வேலூர்க் கல்லூரி ஆய்வகம் ஒன்றுக்கு முன்னால் உள்ள மூன்று வழிகள்

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இப்போது வேலூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் துறைத் தலைவர். கையில் ஒரு நல்கை விண்ணப்பத்தின் வரைவும் சில கொட்டேஷன்களும் இருந்தன. ஐந்து ஆண்டுகளுக்கு 40 லட்சம் ரூபாய் கேட்கப்போகிறார்கள். "எதைக் கேட்பது என்பதில்தான் துறைக்குள் ஒத்துவரவில்லை, சார். நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

துறை மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. பாலாற்றுப் படுகையின் கிணற்று நீரில் குரோமியம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பதுதான் அவர்களுடைய ஆய்வு. அதற்கு ஏஏஎஸ் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அணு உட்கவர் நிறமாலைமானியைச் சொந்தமாக வாங்கிவிட வேண்டும் என்பது மூத்தவர்களின் எண்ணம். பெரிய கருவியே வேண்டாம், மாதிரிகளைச் சென்னைக்கு அனுப்பிக் கட்டணம் கட்டி அளந்துகொள்வோம், மிச்சப் பணத்தில் வகுப்பறைக்குத் தொடுதிரைப் பலகைகளும் கணினிகளும் வாங்குவோம் என்கிறார்கள் இன்னும் சிலர். பணியில் சேர்ந்து இரண்டே ஆண்டுகளான உதவிப் பேராசிரியர் ஒருவர் மட்டும், பக்கத்துக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டு பொது ஆய்வகம் ஒன்றை அமைக்கலாம் என்கிறார்.

இதே வட்டாரத்தில் 31 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இளைஞர் சொல்வதுதான் சரி. ஆனால் அவருடைய திட்டத்திலும் முதல் வரி தவறான இடத்தில் இருக்கிறது. அவர் கருவியிலிருந்து தொடங்குகிறார். அந்தக் கருவியைத் தினமும் தொட்டுத் துடைத்து இயக்கப்போகும் ஆளிலிருந்து தொடங்க வேண்டும்.

சொந்தக் கருவி வாங்குவதில் உள்ள ஆசை எனக்குப் புரியாததல்ல. நானும் வாங்கியவன்தான். நான் பணியில் இருந்தபோது எங்கள் துறைக்கு ஒரு ஏஏஎஸ் வந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் அதைச் சுற்றி எப்போதும் மாணவர் கூட்டம். அந்தக் கருவியில் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி ஹாலோ கேத்தோடு விளக்கு வேண்டும். குரோமியத்துக்கு ஒன்று, ஈயத்துக்கு ஒன்று. மூன்றாம் ஆண்டு குரோமிய விளக்கு போயிற்று. நல்கைக் காலம் அதற்குள் முடிந்திருந்தது. விளக்கை எந்தத் தலைப்பில் வாங்குவது என்று ஃபைல் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தபோதே யுபிஎஸ் பேட்டரிகளும் உயிரை விட்டன. கத்திரி வெயிலில் வேலூர் எப்படிக் காயும் என்பது தெரிந்ததே. ஏசி பழுதான அறையில் கருவி ஒரு கோடைக்காலம் முழுக்க வெந்தது. பிறகு அதன்மேல் பச்சைத் துணி ஒன்றைப் போர்த்தினோம். நான் ஓய்வுபெற்ற நாளில் இருப்புப் பதிவேட்டில் அது "நல்ல நிலையில்" இருந்தது. துணி மட்டும் வெளுத்திருந்தது. அதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. அதில் பயின்றிருக்க வேண்டிய எட்டு அணி மாணவர்கள் அதைத் தொடாமலே பட்டம் வாங்கிப் போனார்கள்.

என் மாணவி கொண்டுவந்த கொட்டேஷனில் ஏஏஎஸ்ஸின் விலை 25 லட்சம். 18 சதவிகித ஜிஎஸ்டி சேர்ந்தால் 29.5 லட்சம். தகுதி பெற்ற ஆராய்ச்சி நிறுவனங்கள் முன்பு 5 சதவிகித வரியில் கருவி வாங்க முடிந்தது. அந்தச் சலுகை 2022 ஜூலை 18 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு 1.5 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். உத்தரவாதம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு 4.5 லட்சம். இரண்டையும் கூட்டினால் 34 லட்சம். அசிட்டிலீன் சிலிண்டர், புகைபோக்கி, ஏசி, யுபிஎஸ், விளக்குகள் எல்லாம் மிச்சமுள்ள 6 லட்சத்துக்குள் அடங்கியாக வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர் கிணறு கிணறாகப் போய் நீர் எடுத்து வரும் பயணச் செலவுக்குக்கூட அதில் இடம் இல்லை.

இதெல்லாம் பணக்கணக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேதியியல் கணக்கு. தோல் பதனிடும் தொழிலில் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலில் இருப்பதோ ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோயை உண்டாக்கக்கூடியது, தண்ணீரில் எளிதில் கரைந்து நகர்வது. கிணற்றுக்குள் இருப்பது எது என்று தெரிவதுதான் அந்த ஊர் மக்களுக்குத் தேவை. தீச்சுடர் ஏஏஎஸ் இரண்டையும் பிரித்துக் காட்டாது, மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு (ஐஎஸ் 10500, 2012) மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அவ்வளவு குறைந்த செறிவில் தீச்சுடர் முறை தடுமாறும். கிராஃபைட் உலை வைத்த கருவி வேண்டும், அதன் விலை இன்னும் கூடுதல்.

ஆறு இணைதிறன் குரோமியத்தை அளக்கும் பழைய முறை இதைவிட எளிது. நீரை அமிலமாக்கி, டைஃபீனைல் கார்பசைடு கரைசலைச் சேர்க்க வேண்டும். தெளிந்த நீரில் மெல்ல ஊதா கலந்த சிவப்பு எழுந்து வரும். ஐந்து முதல் பத்து நிமிடங்கள் பொறுத்து, 540 நானோமீட்டரில் அந்த நிறத்தின் அடர்த்தியை யூவி-விசிபிள் நிறமாலைமானியில் படிக்க வேண்டும். கரைசலை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு கலமான குவெட்டு ஒரு சென்டிமீட்டர் அகலமாக இருப்பதற்குப் பதிலாக ஐந்து சென்டிமீட்டர் குவெட்டு வைத்தால் மிகக் குறைந்த செறிவையும் பிடிக்கலாம். இந்தக் கருவி சில லட்சத்தில் கிடைக்கும். கல்லூரியில் ஏற்கெனவே பாதிப் பேருக்கு அதை இயக்கத் தெரியும். 29.5 லட்சம் கொடுத்து வாங்கும் கருவி பதில் சொல்லாத கேள்விக்கு 6 லட்சத்துக் கருவி பதில் சொல்கிறது என்றால், விலைப்பட்டியலைப் பார்த்து ஆய்வை வடிவமைக்கிறோமா, ஆய்வைப் பார்த்துக் கருவியைத் தேடுகிறோமா என்று துறை ஒரு தடவை உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அடுத்தது, வெளியே அனுப்பும் வழி. சென்னை ஐஐடியில் சைஃப் எனப்படும் உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்குச் சலுகைக் கட்டணத்தில் மாதிரிகளை அளந்து தருகிறார்கள். எந்த ஊரில் எந்தக் கருவி கட்டணத்துக்குக் கிடைக்கும் என்று தேடிப் பதிவுசெய்ய, 2020 ஜனவரியில் தொடங்கிய ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளம் உதவுகிறது. காட்பாடியிலுள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். ஐசிபி-எம்எஸ் போன்ற, ஒரு கோடியைத் தாண்டும் கருவிகளுக்கு இதைவிட்டால் நமக்கு வேறு வழியும் இல்லை. அப்படிப்பட்ட கருவியைக் கல்லூரி வாங்க நினைப்பதே தவறு.

ஆனால் எல்லா மாதிரியும் பயணம் தாங்காது. ஆறு இணைதிறன் குரோமியம் அவசரப் பொருள். அமிலம் சேர்க்காமல் குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். தாமதித்தால் அது மூன்று இணைதிறனாக மாறிவிடலாம், கிணறு சுத்தமாக இருப்பதுபோல் முடிவு வரும். சரியான காரத்தன்மையுள்ள தாங்கல் கரைசலை (பஃபர்) சேர்த்தால் 28 நாள்கள் வரை வைத்திருக்க முடியும் என்பது உண்மை. அதையும் கிணற்றடியிலேயே, பிஎச் பார்த்து, பழகிய கையால் செய்ய வேண்டும். வாலாஜாவுக்குப் பக்கத்தில் ஒரு வயலில் காலை ஏழு மணிக்கு நீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, பஸ் பிடித்து, காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி கிண்டி போய்ச் சேர்ந்தாலும், அன்றைக்கே நம் மாதிரிக்கு முறை வரும் என்று யார் உறுதி சொல்வார்? ஆய்வு மாணவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. அளவீடு தாளில் வந்து சேர்கிறதே தவிர, ஏன் அந்த எண் வந்தது, வெற்றுக் கரைசல் எவ்வளவு காட்டியது, இரண்டாம் தடவை அளந்தால் என்ன ஆகும் என்பது அவர் கைக்கு எட்டுவதில்லை. கருவியோடு மல்லுக்கட்டாமல் யாரும் வேதியியலர் ஆவதில்லை.

இந்த இடத்தில் காவலூரை நினைத்துக்கொள்கிறேன். ஆலங்காயத்தை ஒட்டிய ஜவ்வாது மலையில் உள்ள வானோக்கு நிலையத்தில், 1972-இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. 1977-இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது அதற்குச் சான்று தந்த இடங்களில் காவலூரும் ஒன்று. 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே இயங்குகிறது. தொலைநோக்கியின் ஆடி நாளடைவில் மங்கும். புதிதாக அலுமினியம் பூச வேண்டும். அதற்கான வெற்றிடப் பூச்சுக் கூடத்தையும் மலைமேலேயே அமைத்திருக்கிறார்கள். கருவி வாங்கியபோதே அதைப் பேணும் கூடத்தையும் கைகளையும் சேர்த்து யோசித்திருக்கிறார்கள். முன்பு நம் மாவட்டத்தில் இருந்த அந்தக் காட்டுக்குள் ஐம்பது ஆண்டுகளாக ஒரு கருவி உயிரோடு இருக்கிறது. நகரத்துக்கு நடுவில் எங்கள் துறையில் மூன்று ஆண்டுகூடத் தாங்கவில்லை. எங்களிடம் இல்லாமல் போனது, அதை மட்டுமே கவனிக்க ஓர் ஆள்.

இனிப் பொது ஆய்வகம். இங்கே வேலூருக்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. 1898-இல் தொடங்கிய ஊரிஸ் கல்லூரி, ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, சாயிநாதபுரம் டி.கே.எம். மகளிர் கல்லூரி, காட்பாடி காந்திநகர் ஆக்ஸிலியம் எல்லாம் பத்துக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். ஐஸ் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் போய் அன்றைக்கே அளந்துவிட்டுத் திரும்பலாம். சேர்க்காட்டில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலேயே வைக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. ஆராய்ச்சிக்கு அது பொருத்தம்தான். மதியம் இரண்டு மணிக்குச் செய்முறை வகுப்பு முடிந்து ஓடிவரும் இளங்கலை மாணவிக்கு அது தூரம். பட்டப்படிப்பு மாணவர்கள் தொடாத ஆய்வகத்தை நான் பொது ஆய்வகம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதில் உள்ள சிக்கல் அறிவியல் சார்ந்ததல்ல, நிர்வாகம் சார்ந்தது. யாருடைய இருப்புப் பதிவேட்டில் கருவி ஏறும்? தணிக்கை வரும்போது யார் கையெழுத்துப் போடுவார்? அரசுக் கல்லூரி ஆசிரியர் தனியார் நிர்வாகக் கட்டடத்தில் மாலை ஆறு மணி வரை நின்று வேலை செய்ய அனுமதி யார் தருவார்? கருவி உடைந்தால் பழி யார்மேல்? இவற்றை நட்பை நம்பி விட்டுவிட்டால் முதல் துறைத் தலைவர் ஓய்வுபெறும் நாளில் கூட்டு முயற்சியும் ஓய்வுபெற்றுவிடும். ஆகவே கருவி ஒரே கல்லூரியின் பெயரில் இருக்கட்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் வாரத்தில் ஒரு நாள் என்று எழுதி முதல்வர்கள் கையொப்பமிடட்டும். நாள் தவறினால் அந்த நாள் அடுத்தவருக்குப் போகும் என்பதும் அதில் இருக்கட்டும். யார், எந்த மாதிரியை, எத்தனை மணிக்கு அளந்தார் என்ற பயன்பாட்டுக் குறிப்பேடு கருவிக்குப் பக்கத்திலேயே, நூலில் கட்டிய பேனாவோடு இருக்க வேண்டும். அடுத்த நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தப் புகைப்படத்தையும்விட அந்தக் குறிப்பேடுதான் பேசும்.

ஆளின் சம்பளத்துக்கு வருகிறேன். கட்டமைப்புக்கென்று வரும் நல்கைகள் பலவற்றில் ஆள் சம்பளத்துக்கு இடம் இல்லை. 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஃபிஸ்ட், இளங்கலை ஆய்வகங்களுக்கென 2008-இல் வந்த ஸ்டார் கல்லூரித் திட்டம், பெண்கள் நிறுவனங்களுக்கான க்யூரி ஆகிய எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்கத்தான் வேண்டும், தயங்கக் கூடாது. ஆனால் நான் சொல்லும் ஆளை அவை தந்துவிடும் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. எம்எஸ்சி முடித்த, கருவியில் நாட்டமுள்ள ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாயாவது தர வேண்டும். அதற்குக் கீழே போனால் ஆறே மாதத்தில் சிப்காட் தொழிற்சாலைக்கோ சென்னைக்கோ போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆண்டுக்கு 3 லட்சம். நான்கு கல்லூரிகள் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 75,000 ரூபாய். ஒரு கல்லூரி ஆண்டு விழாப் பந்தலுக்குச் செலவிடும் தொகையை நான் பார்த்திருக்கிறேன். முன்னாள் மாணவர் சங்கத்தில் 75 பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டால் ஓர் ஆண்டு முடிந்தது.

தொழிற்சாலைகளிடம் கேட்கலாமா? நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவின்படி, வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடங்கும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டபோதே, அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வரும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஆகவே தொழில்துறைப் பணம் இனி ஆய்வகத்துக்குள் வரத்தான் போகிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பணம் இருக்கிறது, கொடுக்கும் மனமும் பலருக்கு இருக்கிறது. ஆனால் நம் கருவி அளக்கப்போவது அவர்களுடைய ஆலைகளைச் சுற்றியுள்ள கிணறுகளை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தனி நிறுவனத்திடமிருந்து நீர் ஆய்வுக்கென்று பணம் வாங்க வேண்டாம். கணினிக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் வாங்கலாம். அதையும், எந்த முடிவையும் வெளியிடும் உரிமை ஆய்வாளருக்கே என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாங்க வேண்டும். விவசாயி ஒருவர் தன் கிணற்று நீரின் முடிவைக் கேட்டு வாசலில் நிற்கும்போது, அந்தத் தாளை நாம் தயங்காமல் நீட்ட முடிய வேண்டும்.

வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி இரண்டாவது அணியோடு எனக்குப் பாதி உடன்பாடு. தொடுதிரைப் பலகைகள் வேண்டாம். ஒடுகத்தூரிலிருந்தும் பேரணாம்பட்டிலிருந்தும் வரும் மாணவர்கள் கைபேசியில்தான் படிக்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு, டேட்டா தீரும் முன்பு, நாளைய தரம்பார்த்தல் சோதனையின் நான்கு நிமிடக் காணொளியைத் தமிழ் விளக்கத்தோடு இறக்கிப் பார்க்க முடிந்தால் அது அவர்களுக்கு உதவும். சுவரில் மாட்டிய பலகை வீட்டுக்கு வராது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் உண்டு. 2017-இல் தொடங்கிய ஸ்வயம் என்ற அரசு இணையப் பாடத் தளமும், மெய்நிகர் ஆய்வகங்களும் செலவில்லாமல் கிடைக்கின்றன. பாடக் குறிப்புகளை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாத இடம் தந்துவந்த கூகுள், 2022 ஜூலையிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று வரையறுத்தது. இலவசமாகத் தந்தவர் நாளை விதியை மாற்றலாம், கேட்க நமக்கு உரிமை இல்லை. பாடங்களை இணையத்தில் வைத்து நடத்த உதவும் மூடுல் என்ற கட்டற்ற மென்பொருளைக் கல்லூரியின் சொந்த சர்வரில் நிறுவினால் பாடங்கள் நம்மிடமே இருக்கும். ஆனால் அதற்கும் காப்புப் பிரதி எடுக்க, புதுப்பிக்க ஓர் ஆள் தேவை. கணினித் துறை ஆசிரியர் ஒருவருக்கு வாரம் நான்கு மணி நேரப் பணிக்குறைப்புக் கொடுத்து அதைச் செய்யச் சொல்லலாம். அப்படிக் கொடுக்க நிர்வாகம் மறுத்தால் சர்வர் வாங்கவே வேண்டாம், கூகுளிலேயே இருக்கட்டும்.

இதழ்களுக்குப் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா, மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குச் சுமார் 13,000 இதழ்களைத் திறந்திருக்கிறது. உதவி பெறும் கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் திட்டம் போதும். மேட்லேப், காம்சால் போன்ற விலையுயர்ந்த மென்பொருள்களை வாங்கும் முன் ஐ-ஸ்டெம் வழியாகக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இருவருமாக உட்கார்ந்து 40 லட்சத்தை மறுபடி எழுதினோம். இரட்டைக் கற்றை யூவி-விசிபிள் நிறமாலைமானிக்கும் நீண்ட குவெட்டுகளுக்கும் 6 லட்சம். தராசு, பிஎச் மானிகள், நீர்த் தூய்மிப்பான், குளிர்பதனப் பெட்டி, ஐஸ் பெட்டிகளுக்கு 7. மின்னிணைப்பு, ஏசி, யுபிஎஸ்ஸுக்கு 5. ஐந்தாண்டுப் பராமரிப்பு, விளக்குகள், பேட்டரி, வேதிப்பொருள்களுக்கு 8. சென்னையில் மொத்தக் குரோமியம் அளக்கும் கட்டணத்துக்கும் நீர் எடுக்கப் போகும் பயணத்துக்கும் 5. சர்வர், கணினிகள், வலையமைப்புக்கு 6. நான்கு கல்லூரி மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சிக்கு 3. ஏஏஎஸ் இந்தச் சுற்றில் இல்லை. குறிப்பேடு இரண்டு ஆண்டுகள் நிரம்பிய பிறகு, கிராஃபைட் உலை வைத்த கருவியாகவே நால்வரும் சேர்ந்து கேட்கலாம்.

மூத்தவர்கள் இதற்கு ஒப்புவார்களா என்று என் மாணவிக்குக் கவலை. ஒருவருக்கு இன்னும் நான்கு ஆண்டுதான் பணி இருக்கிறதாம். போகும் முன் துறைக்கு ஒரு பெரிய கருவி வாங்கித் தந்துவிட்டுப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அவரையே பொது ஆய்வகத்தின் முதல் பொறுப்பாளராக்குங்கள் என்றேன். என் மாணவி வரைவைத் திருப்பிப் பிடித்து, 'கருவிகள்' என்ற முதல் தலைப்புக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் "ஆய்வகத் தொழில்நுட்பர் - ஒருவர், ஐந்து ஆண்டுகள், நான்கு கல்லூரிகளின் பங்கு" என்று எழுதினார். வரும் வாரம் மற்ற மூன்று துறைத் தலைவர்களையும் பார்க்கப் போகிறார். 75,000 ரூபாய்க்கு அவர்கள் சம்மதம் சொன்ன பிறகே கொட்டேஷன்களைக் கையில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.